பிஎஸ்6 லாரியின் சைலன்சர் பெட்டி: புதிதாகக் கை வைப்பவர்களுக்கு

"பெட்டி போச்சுன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் வரும் டிரைவர்கள் இப்போது அதிகம். மீட்டரில் மஞ்சள் விளக்கு, மேட்டில் இழுவை இல்லை, ஓனர் போனில் கத்துகிறார். பெட்டி என்று அவர்கள் சொல்வது சேசிஸ் ஓரத்தில் பீப்பாய் போலத் தொங்கும் சைலன்சர் பெட்டியை. லட்சக்கணக்கில் விலை. கழற்றிப் பார்த்தால் பல நேரம் பெட்டியின் மேல் தப்பே இருக்காது. அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று செய்த வேலைக்குப் பெட்டி அடி வாங்கியிருக்கும்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய மெக்கானிக்குகளுக்கு இஞ்சினும் கியர்பாக்ஸும் அத்துப்படி. இந்தப் பெட்டி வந்ததும் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு வரிசை பிடித்துப் போனால் போதும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6, அதாவது வண்டிப் புகைக்கு அரசு வைத்த மாசு வரம்பு. பிஎஸ்4 கனரக வண்டி ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்ஸைடு விடலாம் என்று இருந்தது. பிஎஸ்6-இல் அது 0.4 கிராம். டீசலில் இருந்த கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இந்தக் கணக்கை இஞ்சினுக்குள்ளேயே முடிக்க முடியாது என்பதால்தான் பின்னால் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்தது.

டர்போவில் இருந்து வால்குழாய் வரை நடந்து பாருங்கள். முதலில் டி.ஓ.சி. (டீசல் ஆக்ஸிஜனேற்ற வினையூக்கி). இது பிளாட்டினம், பலேடியம் பூசிய தேன்கூடு. எரியாத டீசலையும் கார்பன் மோனாக்ஸைடையும் எரித்துவிடும். கூடவே, பின்னால் வருகிறவர்களுக்கு உதவியாக நைட்ரஜன் டை ஆக்ஸைடும் செய்து கொடுக்கும். அடுத்தது டி.பி.எஃப்., கரியைப் பிடிக்கும் வடிகட்டி. இதுவும் தேன்கூடுதான், ஆனால் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரைத் துளைத்துக்கொண்டு போயாக வேண்டும். கரி இந்தப் பக்கமே நின்றுவிடும். அதன் பிறகு யூரியா பீய்ச்சும் இன்ஜெக்டர். அப்புறம் எஸ்.சி.ஆர்., நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் தேன்கூடு. யூரியா சூட்டில் அமோனியாவாக மாறி, அந்த அமோனியா நைட்ரஜன் ஆக்ஸைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக வெளியேறும். கடைசியாக, மிச்சமான அமோனியாவைப் பிடிக்க ஒரு சின்னத் துண்டு.

இவர்களுக்கு நடுவே வெப்ப சென்சார்கள், டி.பி.எஃப்.-இன் முன்பின் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் சென்சார், இஞ்சினை விட்டு வரும் இடத்தில் ஒன்றும் வால்குழாயில் ஒன்றுமாக நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் இரண்டு நாக்ஸ் சென்சார். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான். காகிதத்தில் ஒருமுறை கையால் வரைந்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

கருவி

ஸ்கேனர் வேண்டும், அது லாரிகளின் ஜே1939 மொழி பேசுவதாக இருக்க வேண்டும். கார் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு "எரர் எதுவும் இல்லை" என்று வண்டியை அனுப்பிய கதைகள் உண்டு. மல்டிமீட்டர், யூரியா அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், சூடு பார்க்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி, ஒரு அளவுக் குவளை, நல்ல டார்ச். சோப்புத் தண்ணீர். பட்டறை சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் ஊதுபத்தி ஒன்று. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கரிக்கு முகமூடி கட்டாயம். டி.பி.எஃப். கரியை வெறும் மூக்கால் இழுக்கும் வயதும் இல்லை, அவசியமும் இல்லை.

முதலில் டிரைவர், பிறகு ஸ்கேனர்

வண்டி நின்றதும் ஸ்கேனரை எடுக்காதீர்கள். டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து உட்கார வையுங்கள். என்ன லோடு, எந்த ரூட்? தொலைதூரம் போகும் வண்டி என்றால் புகைக்குச் சூடு கிடைக்கும். கரி தானாகவே எரிந்து போகும். குவாரிக்கும் கட்டடத்துக்கும் நடுவே பத்து கிலோமீட்டர் ஓடி, நின்று, ஐடிலில் கிடந்து, மறுபடி ஓடும் டிப்பருக்கு அந்தச் சூடு கிடைக்காது. டி.பி.எஃப். அடைப்பு என்று வரும் வண்டிகளில் டிப்பர், குப்பை லாரி, ரெடிமிக்ஸ் வண்டிகளையே அதிகம் பார்க்கிறேன்.

அடுத்து கேட்க வேண்டியவை: கடைசியாக யூரியா எங்கே ஊற்றினீர்கள், கேனா லூஸா? கூலன்ட் குறைகிறதா? இஞ்சின் ஆயில் அளவு கூடுகிறதா, குறைகிறதா? வாட்டர் சர்வீஸ் எப்போது விட்டீர்கள்? சமீபத்தில் பாடியில் வெல்டிங் நடந்ததா? ரீஜென் (பெட்டிக்குள் சேர்ந்த கரியை எரிப்பது) பட்டன் விளக்கு எரிந்தபோது என்ன செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில், "அது எரிஞ்சுது, ரெண்டு நாள்ல தானா போயிருச்சு" என்பதாகத்தான் இருக்கும். தானாகப் போனதா, அடுத்த சிவப்பு விளக்காக மாறியதா என்பதையும் கேளுங்கள்.

ஆயில் கூடுகிறது என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கரியை எரிக்க இஞ்சின் கடைசி நேரத்தில் கூடுதல் டீசல் பீய்ச்சும் வகை வண்டிகளில், ரீஜென் திரும்பத் திரும்ப ஆரம்பித்துப் பாதியில் நின்றால், அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே டீசல் வாடை வரும். அதோடு ஓட்டினால் பேரிங் போகும்.

கண்ணால் ஒரு நடை

இஞ்சின் ஆறியிருக்கும்போதே முன்னாலிருந்து பின்னால் நடந்து பாருங்கள். ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பெல்லோஸ், கிளாம்ப், பெட்டி, வால்குழாய்.

காற்று குறைந்தால் கரி கூடும். கரி கூடினால் டி.பி.எஃப். அடைபடும். அடைபட்ட டி.பி.எஃப்.-ஐ மட்டும் கழுவி மாட்டினால் மூன்று வாரத்தில் திரும்பி வரும். ஒரு டிப்பர் என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு இடத்தில் இரண்டு முறை பெட்டி சுத்தம் செய்துவிட்டு வந்தது. நான் பார்த்தபோதும் எல்லா ஹோஸும் நன்றாகவே தெரிந்தன. இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்புக்குச் சரியாகக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். நின்றிருக்கும்போது ரப்பர் மூடிக்கொள்ளும். லோடு ஏற்றி ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் உதடு போலத் திறக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவியபோதுதான் பிடிபட்டது. அந்தப் பக்கத்து சேசிஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விசிறி போலப் படிந்திருந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஹோஸை மாற்றி, பெட்டியை ஒருமுறை ரீஜென் செய்ததோடு சரி.

கிழிசலை இப்படி அதிர்ஷ்டத்துக்கு விடாமல் பிடிக்க, ஹோஸின் இரு முனையையும் அடைத்து, கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்த இடம் ஓட்டை.

புகைக்குழாய்ப் பக்கம் ஓட்டையைப் பிடிக்கத்தான் ஊதுபத்தி. ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொரு கிளாம்ப், கேஸ்கெட் பக்கமும் பத்தியைக் கொண்டுபோங்கள். கசிவு இருந்தால் பத்திப் புகை துள்ளும். டீசல், ஆயில் கசிவு பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த வேலை வேண்டாம். கருப்புக் கோடு இருந்தால் அது கரிக்கசிவு. யூரியா இன்ஜெக்டருக்குப் பின்னால் உள்ள இணைப்பில் உப்பு போல வெள்ளையாகப் பூத்திருந்தால் அது யூரியாக் கசிவு.

வால்குழாயில் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டியின் வால்குழாய் உட்புறம் பழைய லாரி போல மை அப்பியிருக்கக் கூடாது. துணி கன்னங்கரேல் என்று வந்தால் டி.பி.எஃப். உடைந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளே இருந்ததை உருவிவிட்டார்கள்.

புகை நிறம் பழைய பாடம்தான். கருப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில். வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது கூலன்ட். ஆனால் டி.பி.எஃப். நல்ல நிலையில் இருந்தால் கருப்புப் புகை வெளியே தெரியாது, அத்தனையையும் பெட்டி விழுங்கிவிடும். அதனால் பிஎஸ்6-இல் புகையே இல்லை என்பதற்காக டீசல் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது ஸ்கேனர்

முதல் விதி, எதையும் அழிக்காதீர்கள். இருக்கும் கோடு (ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்) எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எது இப்போது உயிரோடு இருக்கிறது, எது பழையது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நேரத்தில் இஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்ற பதிவும் சில வண்டிகளில் கிடைக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

லாரியில் கோடு இரண்டு எண்ணாக வரும். எஸ்.பி.என். எந்த உறுப்பு என்று சொல்லும், எஃப்.எம்.ஐ. அதற்கு என்ன கோளாறு என்று சொல்லும். நமக்கு அடிக்கடி வேண்டியவை: 3251 டி.பி.எஃப். அழுத்த வித்தியாசம், 3719 கரி அளவு, 3216 முன் நாக்ஸ் சென்சார், 3226 பின் நாக்ஸ் சென்சார், 1761 யூரியா டேங்க் அளவு, 3364 யூரியா தரம், 4334 யூரியா அழுத்தம், 4364 எஸ்.சி.ஆர். திறன். எஃப்.எம்.ஐ. 3, 4, 5 என்று வந்தால் அது பெரும்பாலும் வயர் விவகாரம்: வோல்ட் கூடியது, குறைந்தது, சர்க்யூட் அறுந்தது. 9 என்றால் அந்த உறுப்பிடமிருந்து செய்தி சரியாக வரவில்லை. 16, 18 என்றால் சென்சார் பேசுகிறது, ஆனால் அது சொல்லும் அளவு இருக்க வேண்டிய வரம்பில் இல்லை. வயர் கோடா, அளவுக் கோடா என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதி நாள் மிச்சம்.

பத்து கோடு ஒன்றாக வந்தால் பத்து பாகம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மின்சாரக் கோடுகளை முதலில் சரி செய்யுங்கள், பிறகு காற்று, டீசல், கூலன்ட் சம்பந்தப்பட்டவை, பிறகு டி.பி.எஃப்., எஸ்.சி.ஆர். திறன் கோடு எல்லாவற்றுக்கும் கடைசியில். எஸ்.சி.ஆர். திறன் குறைவு என்ற கோடு மற்றவர்கள் செய்த தப்புக்கு அழுகிற பிள்ளை.

வயரிங்கைப் பொறுத்தவரை ஒரு சோதனை மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு கேன் வயர் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி) இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாக்ஸ் சென்சாருக்கு என்று தனி கம்ப்யூட்டர் பெட்டி வாலில் தொங்கும். அதுவும் இந்த கேன் வயரில்தான் பேசுகிறது. கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸில் சூடான பெட்டி மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கும். சேசிஸில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைத் துண்டிக்காமல், இ.சி.யூ. (இஞ்சின் கம்ப்யூட்டர்) கப்ளரைக் கழற்றாமல் விட்டால் இந்தக் குட்டிப் பெட்டிகள் சத்தமில்லாமல் செத்துப்போகும். பாடி கட்டும் ஊரில் இருப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

டி.பி.எஃப்.: கரியா சாம்பலா

அழுத்த வித்தியாசத்தை ஸ்கேனரில் பாருங்கள். சாவி போட்டு, இஞ்சின் ஓடாமல் இருக்கும்போது பூஜ்யம். அப்போதே எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ஐடிலில் சுத்தமான டி.பி.எஃப்.-க்குக் கொஞ்சம்தான் காட்டும், ஒரு கிலோபாஸ்கலை ஒட்டியோ அதற்குக் கீழோ. ஆக்ஸிலரேட்டர் ஏற்ற ஏற்ற எண்ணும் ஏற வேண்டும். என்ன செய்தாலும் ஒரே எண்ணில் நின்றால் சென்சாருக்குப் போகும் சின்னக் குழாய்கள் அடைபட்டிருக்கலாம், உருகியிருக்கலாம். இரண்டு குழாயையும் மாற்றி மாட்டிவிட்டு, "புது சென்சார்லயும் அதே எரர்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறேன் நான். கழற்றும் முன் ஒன்றில் டேப் சுற்றிவிடுங்கள்.

எண் நிஜமாகவே அதிகம் என்றால் அடுத்த கேள்வி, உள்ளே இருப்பது கரியா சாம்பலா? கரி எரியும். நைட்ரஜன் டை ஆக்ஸைடின் உதவியோடு 250 முதல் 400 டிகிரியில் ஓட்டத்திலேயே மெதுவாக எரியும். வேகமாக எரிக்க 550, 600 டிகிரி வேண்டும், அதுதான் ரீஜென். சாம்பல் என்பது இஞ்சின் ஆயிலில் உள்ள உலோகச் சத்துகளின் மிச்சம். எத்தனை ரீஜென் போட்டாலும் அது எரியாது. ரீஜென் முழுதாக முடிந்த பிறகும் அழுத்தம் இறங்கவில்லை, வண்டியும் லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் சாம்பல். ஓட்டம் குறைவாக இருந்தும் சாம்பல் சேர்ந்திருந்தால் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். சாம்பல் குறைவான சி.கே.-4 போன்ற ரகம் கேட்கும் இஞ்சினில் கடையில் கிடைத்த பழைய ரகத்தை ஊற்றியிருப்பார்கள்.

நிறுத்திவைத்து ரீஜென் போடும் முன் இன்ஜெக்டர், டர்போ, இ.ஜி.ஆர். (புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பும் அமைப்பு) கோடு ஏதும் உயிரோடு இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், இஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஏற்றுக்கொள்ளாது. வால்குழாயில் இருந்து வரும் காற்று கொதிக்கும். காய்ந்த புல், வைக்கோல், சாக்கு, டீசல் கேன் எதுவும் பக்கத்தில் வேண்டாம். கான்கிரீட் தரையில், திறந்த வெளியில், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். அரைமணி, முக்கால் மணி நேரம் ஆகும். நடுவே டீ குடிக்கப் போகக் கூடாது. பக்கத்திலேயே நின்று வெப்ப எண்களைப் பாருங்கள். டி.ஓ.சி.-க்குள் போகும் சூடு போதுமான அளவு இருந்தும், வெளியே வரும் சூடு ஏறவில்லை என்றால் டி.ஓ.சி. செத்துவிட்டது, அல்லது அதன் முகத்தில் கரி அப்பிக்கொண்டது. ஸ்கேனர் கரி அளவை மிக அதிகம் என்று காட்டினால் ரீஜென் போடவே போடாதீர்கள். அவ்வளவு கரி ஒன்றாகப் பற்றினால் உள்ளே இருக்கும் பீங்கான் உருகிவிடும்.

கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய கட்டம் வந்தால், அம்புக்குறி எந்தப் பக்கம் என்று குறித்து, எடை போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் வேகவைத்து, புகை வெளியேறும் பக்கத்தில் இருந்து நுழையும் பக்கமாகக் காற்று ஊதும் இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்புவதே சரி. திரும்பி வந்ததும் மறுபடி எடை. எடை குறையவில்லை என்றால் கழுவிப் பெயின்ட் மட்டும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆசிட் ஊற்றுவது, பம்ப் தண்ணீரைப் பீய்ச்சுவது, கம்பியால் குத்துவது எல்லாம் பெட்டியைக் கொல்லும் வேலை. மாட்டும்போது கேஸ்கெட்டும் கிளாம்பும் புதிது.

யூரியா

இந்தப் பகுதியில்தான் ஏமாற்று அதிகம், கற்றுக்கொள்ளவும் அதிகம்.

டேங்கில் இருக்க வேண்டியது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். வேறு ஒன்றுமில்லை. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் அளவு தெரியும். ஆனால் அது அளவை மட்டுமே சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. வயலுக்குப் போடும் யூரியாவை போர்வெல் தண்ணீரில் கரைத்தாலும் சரியாக 32.5 காட்ட வைக்க முடியும். நம் நாட்டில் 2015-இல் இருந்து விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் ஃபில்டரை அடைத்து, எஸ்.சி.ஆர். தேன்கூட்டின் மேல் படிந்துவிடும். படிந்தது திரும்ப வராது. லூஸ் யூரியா ஊற்றினேன் என்று டிரைவர் சொன்னால், அளவு சரியாகக் காட்டினாலும் டேங்கை வடித்து, கழுவி, ஃபில்டர் மாற்றி, சீல் உடைக்காத கேன் ஊற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த பாகத்தைத் தொடுங்கள்.

வெயிலும் எதிரிதான். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் யூரியா, 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். கேபின் மேல் கட்டிய கேன் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டீசல் ஊற்றிய புனலால் யூரியா ஊற்றக் கூடாது. டேங்கில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பம்ப்பின் ரப்பர்கள் உப்பிப் போயிருக்கும். யூரியா செம்பு, பித்தளையை அரிக்கும் என்பதால் தற்காலிகமாகக்கூட பித்தளை இணைப்பு போடாதீர்கள்.

சரி, யூரியா நல்ல யூரியா. அடுத்து அழுத்தம். பம்ப்பைப் பொறுத்து 5 பாரோ 9 பாரோ இருக்கும். வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அழுத்தம் ஏறாவிட்டால் ஃபில்டர், உறிஞ்சும் குழாய், இணைப்பில் காற்று என்று வரிசையாகப் பாருங்கள். பம்ப் கடைசி. அழுத்தம் இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றி அளவுக் குவளைக்குள் விட்டு, ஸ்கேனரில் டோசிங் சோதனை போடுங்கள். கையேடு சொல்லும் நேரத்தில் கையேடு சொல்லும் அளவு வர வேண்டும், பனி போலத் தூவ வேண்டும். பால் கறந்தது போலக் கோடாக விழுந்தால் அந்த யூரியா ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் வெள்ளைக் கல்லாக உட்காரும். இன்ஜெக்டரின் முனை கருகியிருந்தால் அதற்குப் போகும் கூலன்ட் குழாயைப் பாருங்கள். அதைக் குளிர்விப்பது இஞ்சின் கூலன்ட்தான்.

யூரியா சரி, தூவலும் சரி, ஆனால் திறன் கோடு போகவில்லை. இப்போது நாக்ஸ் எண்கள். வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் லோடோடு ஓட்டுங்கள். சென்சார் முனை சூடாகி, குழாயில் ஈரம் காய்ந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். பட்டறையில் நின்ற இடத்தில் பார்த்துவிட்டு எண் வரவில்லை என்று சென்சாரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். யூரியா பீய்ச்சவே எஸ்.சி.ஆர். சூடு 200 டிகிரியை ஒட்டி வர வேண்டும். முன்னால் 800, பின்னால் 60 என்றால் 92 சதவீதத்துக்கு மேல் பிடிக்கிறது, பிரமாதம். முன்னால் 600, பின்னால் 450 என்றால் கால்வாசிதான் பிடிக்கிறது.

இங்கே ஒரு குறும்பு இருக்கிறது. நாக்ஸ் சென்சாருக்கு அமோனியாவுக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுக்கும் வித்தியாசம் தெரியாது. யூரியா அளவுக்கு மேல் போய் அமோனியா வழிந்தாலும் பின் சென்சார் "நாக்ஸ் அதிகம்" என்றுதான் கத்தும். இ.சி.யூ. அதை நம்பி இன்னும் கொஞ்சம் யூரியா சேர்க்கும் வண்டியும் உண்டு. இதைப் பிரிக்க ஒரு வழி, ஓட்டத்தில் யூரியாவை நிறுத்திப் பார்ப்பது. ஸ்கேனரில் நிறுத்த முடிந்தால் அப்படி, இல்லையென்றால் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி. அதனால் ஒரு புது கோடு விழும், பிறகு அழித்துக்கொள்ளலாம். நிறுத்தியதும் பின் எண் முதலில் இறங்கினால், அதுவரை காட்டியது அமோனியா, யூரியா கூடிப்போகிறது. மெதுவாக ஏறி முன் எண்ணோடு சேர்ந்தால், இதுவரை எஸ்.சி.ஆர். ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எந்த மாற்றமும் இல்லை என்றால் முதலிலேயே யூரியா வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஓட்டுங்கள்; உள்ளே தேங்கியிருந்த அமோனியா தீர்ந்ததும் இரண்டு சென்சாரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. புது சென்சார் வாங்கும் முன் செலவில்லாமல் செய்யும் சோதனை இது.

இ.ஜி.ஆர். இருந்தால்

எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால் இரண்டைப் பாருங்கள். வால்வு கரியில் ஒட்டித் திறந்தபடி நின்றால் காற்று குறைந்து கரி கூடும். கூலர் ஓட்டையானால் வெளியே சொட்டு இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகும், பெட்டிக்குள் கூலன்ட் படிந்து டி.ஓ.சி.-யைக் கெடுக்கும். கூலன்ட் குறைகிறதா என்று டிரைவரிடம் முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

"எடுத்துவிட்டுருங்கண்ணே"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பெட்டியை உருவிவிட்டு, எல்லாம் சரி என்று இ.சி.யூ.-விடம் பொய் சொல்லும் எமுலேட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி மாட்டினால் செலவே இல்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாசு வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் லைசென்ஸ் மூன்று மாதம் ரத்தும். சட்டத்தை விடுங்கள், எமுலேட்டர் மாட்டிய வண்டியில் அடுத்து எந்தக் கோளாறு வந்தாலும் ஸ்கேனர் காட்டும் எண் எதையும் நம்ப முடியாது. நான் தொடுவதில்லை. புதியவர்களும் தொடாமல் இருப்பது நல்லது. பழகிவிட்டால் விட முடியாது.

வேலை முடிந்ததும்

கோடுகளை அழித்துவிட்டு உடனே சாவியைக் கொடுக்காதீர்கள். திறன் சம்பந்தமான சில கோடுகள் ஸ்கேனரில் அழிக்கவே அழியாது. வண்டி லோடோடு ஓடி, தானே சோதித்து, திருப்தியானால்தான் போகும். யூரியா தீர்ந்துபோனாலோ தரம் கெட்டாலோ வண்டி முதலில் விளக்குப் போடும், அப்புறம் இழுவையில் 25 சதவீதத்தைக் குறைக்கும், அதற்கும் அசையாவிட்டால் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. தொப்பூர் மேட்டில் லோடோடு அந்த நிலை வந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு, நீங்களே கூட உட்கார்ந்து ஒரு முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முன் நாக்ஸ், பின் நாக்ஸ், அழுத்த வித்தியாசம், மூன்று சூடு. இந்த ஆறு எண்ணையும் தேதியோடு ஜாப் கார்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதே வண்டி வரும்போது ஒப்பிட வேறு எதுவும் இவ்வளவு உதவாது.

கடைசியாக டிரைவருக்கு ஒன்று. இஞ்சினை நிறுத்தியதும் யூரியா பம்ப் குழாயில் மிச்சமுள்ள யூரியாவை டேங்குக்கே திருப்பி இழுத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், பக்கத்தில் நின்றால் உறிஞ்சும் சத்தம் கேட்கும். சாவியை எடுத்த கையோடு மெயின் சுவிட்சையும் அணைத்தால் யூரியா குழாயிலேயே நின்று உப்பாக உறையும். பேட்டரி பாதுகாப்பு என்று வருடக்கணக்கில் பழகிய கை, சொன்னால் கேட்காது. நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் "2 நிமிஷம்" என்று எழுதிவிடுகிறேன். ஒருமுறை அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வண்டி கிளீனர் பையன் கேட்டான், "அதுவரைக்கும் என்னண்ணே பண்றது?" டயரைத் தட்டிப் பாருடா என்றேன். அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது இன்ஜெக்டர் முனை பளிச்சென்று இருந்தது. பின் டயர் ஒன்றில் ஆணி ஏறியிருந்ததையும் கண்டுபிடித்ததாகச் சொன்னான்.